அத்தையின் சுருக்குப் பை

உங்கள் வீட்டில் சுருக்குப் பை வைத்திருக்கும் பெரியவர்கள் யாராவது உண்டா? உண்டு என்றால், இந்தப் பக்கத்தைச் சற்று மடித்து வைத்துவிட்டு, அவர்களுடைய அனுமதியுடன் அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

பார்த்தாயிற்றா? வெற்றிலை, பாக்கு, சில்லறைக் காசு, பீரோச் சாவி, விபூதிப் பொட்டலம் இவைதான் இருந்தன என்றால் பாதகமில்லை. இவற்றுக்கு நடுவே பாதி காலியான மாத்திரை அட்டை ஒன்றும் இருந்தால், தயவுசெய்து இந்தக் கட்டுரையைக் கடைசி வரை படியுங்கள்.

என் அத்தையின் சுருக்குப் பையில் அப்படி ஓர் அட்டை இருந்தது. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. பதினோரு வருஷம் இருந்தது. தீர்ந்துபோகத் தீர்ந்துபோகப் புது அட்டை வாங்கிப் போட்டது யார் என்கிறீர்கள்? சாட்சாத் நான்தான்.

* * *

தாயில்லாத என்னை வளர்த்தவள் அத்தை. மன்னார்குடியில் வீட்டு வாசலில் இட்லி சுட்டு விற்று என்னைக் காலேஜில் படிக்க வைத்தாள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அடுப்பின் முன்னால் குந்தினால் எழுந்திருக்கப் பத்து மணி ஆகும். அந்த நாளில் மாவு அரைக்கக் கிரைண்டர் கிடையாது. ஆட்டுக்கல்லும் அத்தையின் கையும்தான். நான் பி.ஏ. பட்டம் வாங்கிய சமயத்தில் அத்தையின் இரண்டு முழங்கால்களும் தேய்ந்து போயிருந்தன. என் பட்டத்துக்கு அவள் கட்டிய சம்பளம் அது என்று இப்போது தோன்றுகிறது.

வலி பொறுக்க முடியாமல் போனபோது உள்ளூர் டாக்டர் ஒருவர் ஐந்து நாளைக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவர்மேல் குற்றமே இல்லை. ஐந்து நாளைக்கு என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தார். மாத்திரையோ மந்திரம் போல வேலை செய்தது. மூன்றாம் நாள் அத்தை கோவில் பிராகாரத்தை மூன்று சுற்றுச் சுற்றி வந்தாள். அப்புறம் கேட்பானேன்? ஐந்து நாள் ஐந்து மாதமாயிற்று. ஐந்து மாதம் வருஷக் கணக்காயிற்று. நான் சென்னையில் பத்திரிகை உத்தியோகத்தில் அமர்ந்த பிறகு, மாதா மாதம் ஊருக்குப் போகும்போது வாழைப்பழமும் காப்பிப் பொடியும் வாங்குவதைப் போல மூன்று அட்டை மாத்திரையும் வாங்கிக்கொண்டு போவேன். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. மருந்துக் கடைக்காரர் கேட்கவில்லை; நானும் காட்டவில்லை.

அத்தைக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. அதற்கு ஒரு மாத்திரையும், உடம்பிலுள்ள அதிக நீரைப் போக்க இன்னொரு மாத்திரையும் வேறு சாப்பிட்டு வந்தாள்.

சென்ற பங்குனி உற்சவத்தின்போது வெண்ணெய்த்தாழி பார்க்க வேண்டும் என்று அத்தை வெயிலில் வெகுநேரம் நின்றிருக்கிறாள். கால் வலிக்கு வழக்கமான ஒரு மாத்திரைக்குப் பதிலாக இரண்டு போட்டுக்கொண்டாள். மறுநாள் வயிற்றுப்போக்கு. அதோடு கால் வலியும் விடவில்லை. ஆகவே இன்னும் இரண்டு. நாலாம் நாள் எனக்குப் போன் வந்தது.

"ஏண்டா தம்பி, சோத்தைக் கண்டாலே குமட்டுது. காலு ரெண்டும் தூண் மாதிரி வீங்கிக் கெடக்கு. ஒண்ணுக்கும் சரியாப் போகலை."

சாயங்காலமே புறப்பட்டுப் போய் அழைத்து வந்தேன்.

* * *

ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 3.4 என்று வந்தது. பெண்களுக்கு அது 1.1-ஐச் சுற்றி நின்றுவிட வேண்டும். சிறுநீரக வைத்தியப் பிரிவிலிருந்த டாக்டர் இளம் பெண். அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாக விசாரித்தார்.

"என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க, அம்மா?"

"பிரஷர் மாத்திரை ஒண்ணு, நீர் மாத்திரை ஒண்ணு. வேற ஒண்ணுமில்லீங்க."

"அந்தப் பையில இருக்கறது?"

"அதுவா? அது மாத்திரை இல்லைம்மா, கால் வலிக்குப் போடறது!"

நான் சிரித்துவிட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. அட்டையை வாங்கிப் புரட்டி, என் கையில் கொடுத்தார். "நீங்க படிச்சவங்கதானே? இதைப் படிங்க" என்றார்.

வாசகர்களே, என் தொழிலே படிப்பதுதான். அச்சுக்குப் போகும் பக்கத்தில் ஒரு புள்ளி தவறினாலும் என் கண்ணில் பட்டுவிடும். ஆனால் பதினோரு வருஷமாக நான் வாங்கி வந்த அட்டையின் பின்புறத்தை ஒரு தடவைகூடப் படித்ததில்லை. ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தது. மருந்தின் பெயர் டைக்ளோஃபினாக் என்று இருந்தது. டாக்டர் சொன்னால்தான் விற்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் இருந்தது. எல்லாம் பொடி எழுத்தில், எனக்காகவே காத்திருந்தது போல இருந்தன.

"இது எப்படி மூத்திரக்காயைக் கெடுக்கும்? வலி முழங்கால்லதானே?" என்று அத்தை கேட்டாள். டாக்டருக்குச் சொந்த ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கமாம். வயலை வைத்தே பதில் சொன்னார்.

சிறுநீரகம் ஒவ்வொன்றும் கை முஷ்டி அளவுதான். அதற்குள் சுமார் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டி, ஒன்றரை அல்லது இரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியே விட்டு, மற்றதைப் பத்திரமாக உடம்புக்கே திருப்பிக் கொடுக்கின்றன. ஒவ்வொரு வடிகட்டியையும் ஒரு வயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் உள்ளே வர ஒரு தலை மதகு. வெளியே போக ஒரு கடை மதகு. தலை மதகைத் திறந்து பிடித்துக்கொண்டிருப்பது புராஸ்டாகிளாண்டின் என்ற ஒரு பொருள். அதே இனத்தைச் சேர்ந்த பொருள்தான் தேய்ந்த முழங்காலில் வீக்கத்தையும் வலியையும் உண்டாக்குகிறது. வலி மாத்திரை போய் அதை உற்பத்தியாகாமல் தடுக்கிறது. முழங்காலில் மட்டும் தடுத்தால் பேஷ்! ஆனால் மாத்திரைக்கு முழங்கால் எது, மூத்திரக்காய் எது என்று தெரியாதே? அங்கேயும் போய்த் தலை மதகை மூடிவிடுகிறது.

"ஆத்துல தண்ணி நெறைய ஓடறப்போ மதகு கொஞ்சம் மூடினாலும் வயல் காயாது. உங்க கதை அப்படி இல்லை. நீர் மாத்திரையும் வயித்துப்போக்கும் ஆத்துத் தண்ணியையே கொறைச்சிடுச்சு. பிரஷர் மாத்திரை கடை மதகைத் திறந்து வைக்கிற ரகம். அது சாதாரணமா நல்லதுதான் செய்யும். ஆனா அதே சமயத்துல வலி மாத்திரை தலை மதகை மூடிடுச்சு. அப்புறம் வயல் என்ன ஆகும்?"

"காஞ்சு போகும்" என்றாள் அத்தை, மெதுவாக.

டைக்ளோஃபினாக் மட்டும் அல்ல. ஐபுப்ரோஃபென், நாப்ராக்ஸென், அசிக்ளோஃபினாக், கீட்டோரோலாக், எட்டோரிகாக்ஸிப் எல்லாம் ஒரே குடும்பம்தான். நல்ல சிறுநீரகம் உள்ளவர்கள், டாக்டர் சொல்கிறபடி, சொற்ப நாள் சாப்பிட்டால் பெரும்பாலும் தொல்லை இல்லை. ஏற்கனவே சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, இருதய பலவீனம் உள்ளவர்களுக்கும், வயோதிகர்களுக்கும்தான் வெகு ஜாக்கிரதை வேண்டும். இதில் பொல்லாத சங்கதி என்னவென்றால், முழங்கால் கத்தும், சிறுநீரகம் கத்தாது. பாதிக்கு மேல் போன பிறகும் வாயைத் திறக்காது.

* * *

அத்தை ஆஸ்பத்திரியில் இருந்த பத்து நாளும் எனக்குத் தூக்கம் இல்லை. பத்திரிகைக்காரன் அல்லவா? கவலை வந்தால் படிக்கத் தொடங்கிவிடுவேன். படித்ததில் இரண்டு விஷயங்கள் என்னை உலுக்கிவிட்டன.

முதலாவது பிணந்தின்னிக் கழுகுகள். 1990-களில் இந்தியாவில் அவை கூட்டம் கூட்டமாகச் செத்து விழுந்தன. மூன்று இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அழிந்துபோயின. காரணம் என்ன என்று விஞ்ஞானிகள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். 2004-ல் விடை கிடைத்தது. வலிக்காக மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக்! அந்த மாடு இறந்தால் அதன் மாமிசத்தைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகம் சில நாளில் நின்றுபோயிற்று. 2006-ல் மாடுகளுக்கு அந்த மருந்தைத் தருவதை நம் அரசாங்கம் தடை செய்தது. 2023-ல் அசிக்ளோஃபினாக்கையும் கீட்டோப்ரோஃபெனையும் அதே காரணத்துக்காகத் தடை செய்தது. கழுகின் உடம்பு வேறு, மனித உடம்பு வேறு. கழுகுக்கு ஆனதெல்லாம் நமக்கும் ஆகிவிடும் என்று பயப்பட வேண்டாம். ஆனாலும் இதை அத்தையிடம் சொன்னபோது, சின்ன வயதில் திருக்கழுக்குன்றம் மலையில் உச்சிவேளைச் சோற்றுக்கு வந்த இரண்டு கழுகுகளைப் பார்த்ததை நினைவுபடுத்திக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள். இப்போது அங்கே கழுகுகள் வருவதில்லை. அவை வராமல் போனதற்கும் இதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை.

இரண்டாவது, ஸ்வீடன் தேசத்தில் ஹுஸ்க்வார்னா என்ற ஊர். 1918-ல் உலகமெங்கும் விஷ ஜுரம் பரவியபோது, அங்கே தொழிற்சாலைக்காரர்களுக்கு ஒரு டாக்டர் ஜுரத்துக்கும் வலிக்கும் பொடி ஒன்று எழுதிக் கொடுத்தார். அதில் ஃபினாசெட்டின் என்ற மருந்து இருந்தது. ஜுரம் போய்விட்டது, பொடி போகவில்லை. வேலைக்குப் போகும் முன் ஒரு பொட்டலம், களைப்புக்கு ஒரு பொட்டலம் என்று ஊரே பழகிவிட்டது. பிறந்த நாளுக்குப் பரிசாகக்கூட அந்தப் பொட்டலத்தைக் கொடுத்துக்கொண்டார்களாம். பல வருஷம் கழித்து அந்த ஊரில் பலர் சிறுநீரகம் கெட்டு இறந்தபோதுதான் உண்மை வெளியாயிற்று. ஃபினாசெட்டினைப் பிற்காலத்தில் தேசத்துக்குத் தேசம் விலக்கிவிட்டார்கள்.

பிறந்த நாள் பரிசு என்ற இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். வாழைப்பழத்தோடும் காப்பிப் பொடியோடும் நான் கொண்டுபோன காகிதப் பொட்டலம் ஞாபகத்துக்கு வந்தது. பிரியத்தோடு கொடுத்தால் மருந்து குணம் மாறிவிடுமா என்ன?

* * *

அத்தை பிழைத்துக்கொண்டாள். மூன்று மாதத்தில் கிரியாட்டினின் 1.8-க்கு இறங்கி அங்கேயே நின்றது. நூறு பங்கு வேலையில் சுமார் முப்பது பங்கு மிஞ்சியிருக்கிறது என்று டாக்டர் கணக்குச் சொன்னார். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்ற வேண்டும்.

ஆனால் முழங்கால் இருக்கிறதே! மாத்திரையை நிறுத்திய மறுவாரம் அது தன் பழைய பாக்கியையெல்லாம் வட்டியுடன் கேட்டது. ஓர் இரவு அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே அழுதாள். "மூத்திரக்காய் போனாப் போகட்டும்டா, அந்த மாத்திரையைக் கொடு" என்றாள். மறுநாள் இதை டாக்டரிடம் சொன்னேன். "பொறுத்துக்கச் சொல்லுங்கள்" என்பார் என்று எதிர்பார்த்தேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"யாரும் பொறுத்துக்க வேண்டாம். வலிக்கும் வைத்தியம் உண்டு. ஒரே மாத்திரையில முடியறதைப் பத்து வழியில செய்யணும், அவ்வளவுதான்" என்றார்.

அந்த வழிகளை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அளவும் முறையும் மட்டும் உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வழி பாராசிட்டமால். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு வலி மாத்திரைகளில் முதலில் கொடுப்பது இதைத்தான். ஆனால் இதுவும் அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். அத்தையின் உடம்பு வாகுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை, ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் இடைவெளி விட்டு, நாளுக்கு நாலுக்கு மேல் கூடாது என்று டாக்டர் விதித்தார். தண்ணீரில் போட்டால் பொங்கும் ரகம் வேண்டாம் என்றும் சொன்னார். அதில் உப்புச் சத்து அதிகம்.

இதை வாங்கக் கடைக்குப் போனபோது ஒரு வேடிக்கை நடந்தது. "பாராசிட்டமால் வேண்டும்" என்றேன். "கால் வலிக்கா சார்? இது இன்னும் நல்லாக் கேட்கும்" என்று வேறோர் அட்டையை எடுத்துப் போட்டார் கடைப் பையன். பணத்தைக் கொடுத்துவிட்டு, ஞாபகம் வந்து அட்டையைப் புரட்டினேன். பாராசிட்டமால் என்ற பெயர் இருந்தது வாஸ்தவம்தான். அதன் பக்கத்திலேயே, வாசலில் விரட்டினால் கொல்லை வழியாக வந்த விருந்தாளி போல, அசிக்ளோஃபினாக் உட்கார்ந்திருந்தது! கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். பதினோரு வருஷத்தில் நான் முதன்முதலாகப் படித்த அட்டை அது.

இரண்டாவது வழி மேற்பூச்சு. மிளகாயிலிருந்து எடுத்த காரச் சத்துள்ள களிம்பு ஒன்றை டாக்டர் எழுதிக் கொடுத்தார். "சட்னிக்கு அரைக்கறதை முழங்காலுக்குப் பூசச் சொல்றாங்களே!" என்று அத்தை அதிசயப்பட்டாள். முதல் வாரம் எரிந்தது; பிறகு நன்றாகவே கேட்டது. பூசிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணில் வைத்துவிடாதீர்கள். டைக்ளோஃபினாக் கலந்த களிம்பும் உண்டு. மாத்திரையைவிட வெகு சொற்பமாகத்தான் அது ரத்தத்தில் கலக்கும். ஆனாலும் சிறுநீரகம் மிகவும் நலிந்தவர்கள் அதையும் கேட்காமல் பூசக் கூடாது.

மூன்றாவது ஒத்தடம். வாணலியில் வறுத்த உப்பைத் துணியில் கட்டி ஒற்றும் பாட்டி வைத்தியத்தை டாக்டர் ஆட்சேபிக்கவே இல்லை. சர்க்கரை வியாதியால் கால் மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாது. வேறொருவர் தொட்டுப் பார்த்த பிறகே வைக்க வேண்டும்.

நாலாவது தேகப் பயிற்சி. எல்லாவற்றிலும் பெரியது இதுதான். கட்டிலில் காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதை அழுத்திப் பத்து எண்ணும் வரை பிடித்து விட வேண்டும். காலையில் பத்துத் தடவை, மாலையில் பத்துத் தடவை. தொடைச் சதை பலப்பட்டால் மூட்டின் பாரத்தை அது பங்குபோட்டுக்கொள்ளும். உடம்பின் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடி வைக்கும்போதும் முழங்காலின் பாரம் சுமார் நாலு கிலோ குறைகிறது என்பது ஆராய்ச்சியில் கண்ட கணக்கு. கைத்தடியை வலிக்கிற காலின் பக்கத்தில் பிடிக்கக் கூடாது. எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். இரண்டு காலும் வலித்தால் அதிகம் வலிக்கிற காலுக்கு எதிர்க் கை. பூஜைக்கும் காய் நறுக்கவும் நாற்காலி. தரையில் குந்துவது அறவே கூடாது.

இவற்றுக்கும் அடங்காத வலிக்கு டாக்டர்களிடம் இன்னும் அஸ்திரங்கள் உண்டு. மூட்டுக்குள் போடும் ஊசி இருக்கிறது. நரம்பு வலிக்கான காபாபென்டின், ப்ரீகாபலின் இருக்கின்றன. இவை சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால் அளவைக் குறைத்துத்தான் தருவார்கள். டிராமடாலும் அப்படியே. மார்ஃபின் இன்னும் ஆபத்து; கழிவு உடம்பிலேயே தேங்கி மயக்கத்தில் ஆழ்த்திவிடும். ஆகவே அடுத்த வீட்டுக்காரருக்குக் கேட்ட மருந்து நமக்கும் கேட்கும் என்று கடன் வாங்காதீர்கள்.

"இங்கிலீஷ் மருந்துதானே கெடுதல், நாட்டு மருந்து சாப்பிடட்டுமே" என்று ஒரு சிநேகிதர் யோசனை சொன்னார். தேர்ந்த வைத்தியர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமும் சிறுநீரகக் கோளாறை முதலில் சொல்லிவிட வேண்டும். பெயரில்லாத பொட்டலத்தில் வரும் மூட்டுவலிப் பொடிகளில் ஈயமோ, பாதரசமோ, அரைத்துக் கலந்த அதே இங்கிலீஷ் வலி மாத்திரையோ இருந்து அகப்பட்டதுண்டு. ஆடுதீண்டாப்பாளையிலும் ஈசுவரமூலியிலும் உள்ள ஒரு சத்து சிறுநீரகத்துக்கு விஷம் என்று இன்று ஐயமறத் தெரிந்திருக்கிறது. பச்சிலை என்பதாலேயே பாதகமில்லை என்று நினைக்கக் கூடாது.

* * *

அத்தைக்கு வலி அடியோடு போய்விட்டது என்று சொன்னால் அது பொய். பத்துக்கு எட்டாக இருந்தது, இப்போது பத்துக்கு மூன்று, நாலு என்கிறாள். இரவில் தூங்குகிறாள். கைத்தடியுடன் தெருக்கோடி வரை போய் வருகிறாள். கோவில் பிராகாரத்தை மூன்று சுற்று அல்ல, ஒரு சுற்று.

ஒரு நாள் தயங்கித் தயங்கி அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "படிச்சிருந்தும் அட்டையைப் படிக்காம இத்தனை வருஷம் வாங்கி வந்து கொடுத்துட்டேனே, அத்தை."

அத்தை வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்: "போடா, நீ வாங்கி வர்றப்போ அதுல கெடுதல் இருக்கும்னு எனக்கு எப்படித் தோணும்?"

என்னைத் தேற்றத்தான் சொன்னாள். ஆனால் அதைவிடக் கனமான வார்த்தையை நான் கேட்டதில்லை. நம் பெரியவர்கள் மாத்திரையை நம்பி விழுங்குவதில்லை. வாங்கி வருகிற நம்மை நம்பித்தான் விழுங்குகிறார்கள்.

சுருக்குப் பை இன்னும் அவள் இடுப்பில்தான் இருக்கிறது. வெற்றிலை, பாக்கு, சாவி, விபூதியுடன் இப்போது ஒரு மடித்த காகிதமும் இருக்கிறது. அதில் நான் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன்: "எனக்குச் சிறுநீரகக் கோளாறு உண்டு. கிரியாட்டினின் 1.8. கீழ்க்கண்ட வலி மாத்திரைகளும் ஊசிகளும் எனக்குக் கூடாது." யார் புது மருந்து கொடுத்தாலும் அத்தை முதலில் அந்தக் காகிதத்தை நீட்டுகிறாள். போதாக்குறைக்கு, அக்கம்பக்கத்துக் கிழவிகளின் சுருக்குப் பைகளையும் சோதனை போட ஆரம்பித்திருக்கிறாள்! அதில் அகப்படும் அட்டைகளைப் படித்துச் சொல்லச் சொல்லி எனக்குப் போன் வருகிறது. ஆபீஸில் வேலை கெடுகிறது. ஆனாலும் ஒவ்வொன்றையும் கடைசி எழுத்து வரை படித்துவிட்டுத்தான் போனை வைக்கிறேன்.

முதலில் ஒரு பையைப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன் அல்லவா? அதிலிருந்த அட்டையை இப்போது புரட்டிப் பாருங்கள். எழுத்து பொடியாகத்தான் இருக்கும். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாவது படியுங்கள்.